தகரம் விழுந்த இடங்கள்

பலாங்கொடைக்கு மேலே, மேரிவேல் தோட்டத்து அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. தேயிலை மலைகளுக்கு ஒன்று முதல் பதினெட்டு வரை இலக்கம் உண்டு. ஓடைகள் உண்டு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவும் அதன் பூந்தோட்டமும் உண்டு. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இல்லை. இருநூறு குடும்பங்கள் வசிக்கும் இடத்தில் பச்சை நிறம் பூசியிருக்கிறது. அலுவலகம் கூட்டும் விஜயகலா தினமும் அந்தப் படத்தைத் துடைப்பாள். தன் வீடு இருக்க வேண்டிய பச்சையைச் சற்று அழுத்தியே துடைப்பாள்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதப் பிற்பகலில், வானத்திலிருந்து சாம்பல் நிற வால் ஒன்று இறங்கியது. நான்கு நிமிடம். மூன்றாம் லயத்தின் கடைசி நான்கு காம்பராக்களுக்குக் கூரை இல்லை. ஐந்தாவது காம்பராவின் கொடியில் காய்ந்த பாவாடை அப்படியே இருந்தது. சுழல்காற்றின் பாதை ஒடுக்கமானது. லயத்தார் கண்ட விளக்கம் வேறு: அந்த நான்கு வீட்டிலும் பாவம் சேர்ந்துவிட்டதாம். பாவாடைக்காரி அன்று முதல் புண்ணியவதி. மறுவருடமும் காற்று வந்தது, அதே காம்பராக்கள். பாவம் தீரவில்லை போலும்.

தோட்டத்தில் எல்லோரும் தங்கள் கூரைத் தகரத்தில் பெயிண்டால் குறி போட்டிருப்பார்கள். காற்று ஓய்ந்ததும் தகரம் தேட ஓடுவார்கள். தகரம் விழுந்த இடங்களைக் குறித்தால் காற்றின் வழி தெரியும் என்று விஜயகலாவுக்குத் தோன்றியது. சுவர்ப் படத்தைப் பழைய கலண்டரின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டு வீடு வீடாகப் போனாள்.

"எதுக்குக் கேக்குற புள்ள? உன்னோட தகரமா?"

"இல்லக்கா. காத்து போன வழியப் படத்துல போடப் போறேன்."

"காத்து என்னா பஸ்ஸா, ரூட்டு போடுறதுக்கு?"

எல்லோரும் பொய் சொன்னார்கள். குறி மாற்றிப் பூசிய அடுத்தவர் தகரம் ஒன்றாவது ஒவ்வொரு கூரையிலும் இருந்தது. அந்த முதல் படத்தின்படி காற்று ஏழாம் மலைக்குப் போய், திரும்பி வந்து, கோயிலைச் சுற்றி, ஓடைக்கரையில் இளைப்பாறியது.

விஜயகலா கேள்வியை மாற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர் தகரத்தை எங்கிருந்து தூக்கி வந்தார் என்று கேட்டாள். உண்மை கொட்டியது. இரண்டு வருடத்துப் புள்ளிகளும் ஒரே பட்டையில் நின்றன: இரு மலைகளுக்கு இடையிலான வெளியில் தொடங்கி, மூன்றாம் லயத்தின் கோடியைத் தொட்டு, ஒன்பதாம் மலை வரை.

அந்தப் பட்டையின் நடுவில்தான் புதிய பிள்ளைக் காம்பராவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். விஜயகலாவின் மூன்று வயது மகள் கேஷானியும் அங்கேதான் இருக்கப் போகிறாள்.

துரையிடம் கலண்டரை நீட்டினாள். அபாய இடங்களைக் குறிக்க அன்று அங்கே வந்திருந்த அரசாங்க அதிகாரி மடிக்கணினியைத் திறந்து தன் படத்தைக் காட்டினார்.

"இந்தத் தோட்டம் பச்சை. பயமில்ல."

"மாத்தயா, அது மண்சரிவுப் படம். காத்துக்கு எந்த கலரு?"

"காத்துக்குப் படம் இல்ல."

"அப்ப காத்தும் இல்லீங்களா?"

துரை சிரித்தார். "கலண்டர்ல நல்ல நேரமெல்லாம் போட்டிருக்குமே விஜயகலா. காத்து வர்ற நேரம் போடலியா?"

ஐப்பசியில் திறப்பு விழா நடந்தது. புதுத் தகரக் கூரை. துரையின் பெயரோடு ஒரு பலகை.

அந்தப் பட்டைக்கு வெளியே உர ஸ்டோர் இருந்தது. உரம் நனையக் கூடாது என்பதால் அதற்கு மட்டும் கொங்கிரீட் கூரை. அலுவலகத்தில் தொங்கிய அதன் சாவியை விஜயகலா எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தங்கம்மாவிடம் கொடுத்தாள்.

"வானம் கறுத்து அந்த வால் தெரிஞ்சா புள்ளைங்கள இங்க கொண்டாந்துருங்கக்கா."

"தொரை ஏசுவாரே."

"ஏசட்டும். ஏச்சு கூரையத் தூக்காது."

இந்தச் சித்திரையில் வால் மீண்டும் இறங்கியது. பதினொரு பிள்ளைகள் உரமூட்டைகள் மேல் உட்கார்ந்து தும்மினார்கள். வெளியே வந்தபோது பிள்ளைக் காம்பராவுக்குச் சுவர்கள் மட்டும் இருந்தன.

மறுநாள் அதிகாரி வந்தார். அவருடைய படத்தில் பச்சைக்கு நடுவே முதன்முறையாக ஒரு கட்டடம் குறிக்கப்பட்டது: சேதமடைந்தது. திறப்பு விழாப் பலகையை இருவர் தூக்கி வந்தார்கள்.

"எங்க கெடந்திச்சி?" விஜயகலா கேட்டாள்.

"ஒன்பதாம் மலையில."

அவர்கள் பொய் சொல்லவில்லை. துரையின் பெயரை யாரும் தன் கூரையில் ஏற்ற மாட்டார்கள். விஜயகலா தன் கலண்டர்ப் படத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

அத்திவாரம் இருப்பதால் அதே இடத்தில் கட்டுவதென்று துரை முடிவு செய்தார். உர ஸ்டோர் சாவி ஆயாவிடம் எப்படிப் போனது என்று விளக்கம் கேட்டு விஜயகலாவுக்குக் கடிதம் வந்தது. சாவியைத் திருப்பித் தரவும் சொல்லியிருந்தது.

தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.