ஓரவஞ்சனை பொறுக்காத தராசக்கா

கோழி ஆராய்ச்சிப் பண்ணையில் பன்னிரண்டு வருஷமாகத் தீவனம் நிறுத்துப் போடுகிறவளுக்குத் தராசக்கா என்று பெயர் வந்ததில் அதிசயமில்லை. ஆனால் அவள் பிறந்ததிலிருந்தே தராசுதான். நாலு பெண்களில் மூன்றாவது. புதுத்துணி மூத்தவளுக்கு, அடுத்தவள் அப்பா செல்லம், அம்மா மடி கடைசிக்கு. இவளுக்கு மிஞ்சியது ஓரவஞ்சனை. அந்த வயிற்றெரிச்சலில், தன் இரண்டு பிள்ளைகளுக்கும் வாழைப்பழத்தை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினாள். "வீட்டுக்குள்ளயே கோர்ட் நடத்துறா," என்று புருஷன் அலுத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவளிடம் போய் அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

ஆராய்ச்சி மேடம் தெளிவாகத்தான் சொன்னாள். "அக்கா, இந்தத் தடுப்புல இருக்கிற அம்பது குஞ்சுக்கு, தீவனத்துல இந்தப் பொடியைக் கலக்கணும். அந்தப் பக்கம் அம்பதுக்கு வெறும் தீவனம். நாப்பத்திரண்டாம் நாள் எது எடை கூடுது, எதுல கறி அதிகம்னு பாக்கணும். என் மூணு வருஷப் படிப்பு இதுலதான் இருக்கு."

"அந்தப் பக்கத்துக்கு ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாது."

"ஒரு சிட்டிகை?"

"அக்கா..."

பொடி டப்பாவுக்குப் பூட்டு. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பொடிக்காரக் குஞ்சுகள் முண்டியடித்துத் தின்ன, மற்றவை கம்பி வழியாக எட்டிப் பார்த்தன. கோழி எதையும் அப்படித்தான் பார்க்கும், அது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மனசு கேட்கவில்லையே, என்ன செய்ய? பதினோராம் நாள், வீட்டில் பூண்டைக் காயவைத்துப் பொடித்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். கோழிக் கொட்டகை நாற்றத்தில் பூண்டு வாசனை யாருக்குத் தெரியப்போகிறது?

நாற்பத்திரண்டாம் நாள் எடை போட்டார்கள். வெறும் தீவனத்துக் கோழிதான் சராசரி நூறு கிராம் கூடுதல். மேடம் தராசைத் தட்டிப் பார்த்தாள், மறுபடி நிறுத்தாள். உரித்துப் பார்த்தால் கறியும் அதில்தான் அதிகம். தீவன மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருஷமும் போச்சுக்கா," என்று அழுதாள்.

தராசக்கா கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால் இந்தப் பெண்ணின் படிப்பு போகும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள்.

"பூண்டு, மேடம். நான்தான் போட்டேன்."

"ஏங்கா?"

"எப்படியும் எல்லாம் ஒரே நாள்ல கத்திக்குப் போற உசுருங்க. இருக்கிற நாப்பத்திரண்டு நாள்லயுமா ஓரவஞ்சனை?"

திட்டத்தான் வாயெடுத்தாள் மேடம். ஆனால் காலியாகக் கிடந்த இரண்டு தடுப்பையும் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எவ்வளவு போட்டீங்க?"

"கிலோவுக்கு அஞ்சு கிராம். தினமும் நிறுத்துத்தான் போட்டேன். கண்ணளவுல போட எனக்கு வராது."

மேடத்துக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அடுத்த மாதமே ஆராய்ச்சி புதிதாகத் தொடங்கியது. இந்தமுறை மூன்று தடுப்பு.

"முதல் தடுப்புக்குப் பொடி, அதை நான் பாத்துக்கறேன். ரெண்டாவது பூண்டு, அது உங்க பொறுப்பு. மூணாவதுக்கு வெறும் தீவனம்."

தராசக்கா அந்த மூன்றாவது தடுப்பையே பார்த்தாள்.

"மூணாவதுக்குன்னு யாரு இருக்கா, மேடம்?"

மேடம் உடனே அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னாள்.