நிழல் மறியல்

துரத்தவில்லை. கல்லூரியிலிருந்து யாரும் அவளைத் துரத்தவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள், ஏதோ பையன் விவகாரம் என்றெல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரி ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் கதை கோக்கிறாளே, அந்தக் கல்லூரிக்கு வாசல் எந்தப் பக்கம் என்றாவது அவளுக்குத் தெரியுமா? அன்றைக்கு அங்கே நடந்ததை அந்தப் பெண் வாயாலும் கேட்டாயிற்று, அவள் அப்பா வாயாலும் கேட்டாயிற்று. இருவர் சொன்னதிலும் ஓர் இழை பிசகவில்லை. உட்கார்ந்து கேளுங்கள்.

அவளுக்கு ஹாரன் என்று பேர். வீட்டில் வைத்தது வேறு. ஆனால் டிரைவர் மகள், அழுதால் தெருக்கோடிவரை கேட்கும் என்பதால் தொட்டிலிலேயே இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவள் அப்பா ஓட்டுவது கல்லூரி முதல்வரின் காரை. விடுமுறை நாட்களில் வாளியும் துணியுமாக அப்பாவோடு போய்க் கார் கழுவியே வளர்ந்தவள். அதே கல்லூரியில் படிக்க இடம் கிடைத்த பிறகு, வளாகத்துக்குள் அப்பாவை ‘டிரைவர் சார்’ என்றுதான் கூப்பிடுவாள். அவர் முறைப்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

கல்லூரி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். மேலே கொக்குகளின் குடித்தனம், கீழே முதல்வரின் கறுப்புக் கார். கொக்குகளுக்கு வெள்ளையடிக்க அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? அப்பா துடைத்துத் துடைத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள், வெளியூர் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்த முதல்வரின் தோளிலேயே எச்சம் சொத்தென்று விழுந்தது. விருந்தினர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைக்குட்டையை நீட்டினார். அந்தக் கைக்குட்டையைத்தான் முதல்வரால் பொறுக்கமுடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை மரத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். கூடுகளிலோ இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

ஹாரனும் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகளும் அட்டை பிடித்துக் கோஷம் போட்டார்கள். மன்றத் தலைவன் ஒரு தாடிக்காரன். தொண்டை கிழியப் பேசினான். முதல்வர் வெளியே வந்து கைதட்டினார். நம் மாணவர்களுக்கு இயற்கைமேல் எத்தனை அக்கறை என்று பாராட்டி, மரத்தடியில் அவர்களோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மரம் வெட்டுகிறவர் அன்று மாலையே வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்.

ஹாரன் அன்று வீட்டில் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கே பயமாகிவிட்டது.

“என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?”

“அப்பா, மரம் போயிட்டா கார் எங்க நிக்கும்?”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “வெயில்லதான். வெயில்ல நின்ன கார்ல அவர் ஏற மாட்டாரே. கதவு சுட்டா என்னைத்தான் கடிச்சுக் குதறுவாரு.”

“இதை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“எனக்கு வண்டி ஓட்டத்தான் சம்பளம். யோசனை சொல்றதுக்கு இல்ல.”

“சொல்ல வேண்டாம். தானா உறைக்கும்.”

“நீ படிக்கப் போறியா, கொக்கு மேய்க்கப் போறியா?” என்றாள் அம்மா. “இது கடைசி வருஷம். வாயை மூடிக்கிட்டு முடிச்சுட்டு வா.” அந்த வீட்டிலிருந்து படிக்க என்று கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஹாரன்தான். பட்டத்தை மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

மறுநாள் காலை முதல்வரின் கார் வந்தபோது மரத்தடி முழுக்கச் சைக்கிள்கள். நிழல் எங்கே முடிந்ததோ அங்கேதான் சைக்கிளும் முடிந்தது. முதல்வரை இறக்கிவிட்டு அப்பா மகளிடம் வந்து நெளிந்தார்.

“நகத்தும்மா.”

“எதை, டிரைவர் சார்?”

“வீட்டுக்கு வா, பேசிக்கறேன்.”

“சைக்கிளை நிழல்ல நிறுத்தக் கூடாதுன்னு எங்கயும் போர்டு இல்லையே சார்.”

இல்லைதான். வெயில் ஏற ஏற நிழல் இடம் மாறும் அல்லவா? வகுப்பு மணி அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்து சைக்கிள்களையும் கூடவே நகர்த்தினார்கள். காவலாளி விரட்டினால் எடுப்பார்கள். அவர் தலை மறைந்ததும் மறுபடி அங்கேயே வைப்பார்கள். கார் வெயிலில் காய்ந்தது. மதியம் கிளம்பிய முதல்வர், இருக்கையில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். அடுத்த நாள் தலையணை போட்டுப் பார்த்தார். தலையணையும் சுட்டது. அதற்கு மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை தாடிக்காரனையும் ஹாரனையும் அறைக்குக் கூப்பிட்டார். அப்பா கார்ச் சாவியோடு ஓரமாக நின்றார். திங்கட்கிழமை வேலையைப் பேசி முடிக்க வந்த மரம் வெட்டுகிறவர், தோளில் கயிறோடு கதவருகே நின்றார்.

“இது யார் யோசனை?”

தாடிக்காரன் மின்விசிறியை ஆராய்ந்தான். முதல்வரின் பார்வை அப்பா பக்கம் திரும்பியது. ஹாரன் ஓரடி முன்னால் வந்தாள்.

“என்னோடது சார். டிரைவர் சார் கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். நான்தான் கேக்கல.”

“சைக்கிள் எல்லாம் இப்பவே அங்கேருந்து போகணும்.”

“போயிடும் சார். திங்கக்கிழமைக்கு மேல எங்களுக்கும் அங்க நிழல் கிடையாது.”

மரம் வெட்டுகிறவர் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கினார். முதல்வர் ஜன்னல் வழியே காரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றார் என்று நாளைக்குக் கல்லூரியே சிரிக்குமே.

“எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போய்ப் பரீட்சை எழுது. திங்கக்கிழமை வேலை நடக்கும்,” என்றார். “இல்லையா, மரம் இருக்கட்டும். இந்த வருஷம் நீ இருக்காதே. அடுத்த வருஷம் வந்து திரும்பப் படி.”

கூட்டாளிகள் எல்லாரும் பட்டத்தோடு போய்விட, தான் மட்டும் இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள்.

“டிரைவர் சார் வேலை?”

“அவர் என்ன பண்ணினார்?”

“அப்போ மரமே இருக்கட்டும் சார். அதை மரம் வெட்டுறவர்கிட்டயும் உங்க வாயாலயே சொல்லிடுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை வந்து நிப்பார்.”

முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மரம் வெட்டுகிறவர் தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

“ஒரு வருஷம்மா,” என்றார் அப்பா.

“ஒரு வருஷம்தானேப்பா.”

துரத்தப்பட்டவள் என்றால் அப்படியே ஓடியிருக்க வேண்டாமா? ஓட முடியவில்லை. காலையில் முதலில் வந்து நிறுத்தியவளே அவள்தான். அவள் சைக்கிள் மரத்தூரை ஒட்டி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “இடிக்காம எடுடா, மேல குழந்தைங்க தூங்குது” என்று அதட்டி அதட்டி, எல்லாச் சைக்கிளும் வெளியேறிய பிறகுதான் தன்னுடையதை உருட்டிக்கொண்டு நடந்தாள்.

வாசலில் காவலாளி மறித்தார். “வகுப்பு நேரத்துல எங்கம்மா கிளம்பிட்டே?”

“லீவு அண்ணே. கொஞ்சம் நீளமான லீவு,” என்று சொல்லிவிட்டு, மணியை ஒருமுறை அடித்து, வாசலைத் தாண்டினாள்.