பேசாத கட்டை

தொண்ணூற்றெட்டில் பெரம்பலூரில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். சாயங்காலங்களில் எங்கள் நாடகக் குழுவுக்கு ஒலி அமைப்பது என் பொறுப்பு. தகரத்தை ஆட்டினால் இடி, முறத்தில் பயறை உருட்டினால் மழை. மெட்டுப் போட்டு ஆர்மோனியம் வாசித்தவர் என் அக்கா வீட்டுக்காரர். பகலில் அவருக்குக் கல் உடைக்கும் கிரஷரில் வேலை.

ஒருநாள் ஒத்திகையில் ஆர்மோனியத்தின் நடுக்கட்டை ஒன்று பேசவில்லை. அவர் மேலிருந்து கல்தூள் புகுந்து, உள்ளே ஒலி எழுப்பும் ரீடு அடைத்துக்கொள்வது வழக்கம்தான். ஆனால் மச்சான் அந்தக் கட்டையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, தலையை ஆட்டி ரசித்தபடி வாசித்துக்கொண்டே போனார். அந்த இடம் வரும்போதெல்லாம் வெறும் காற்றுதான் வந்தது.

வெளியே அழைத்துப் போனேன். பின்னால் நின்று கேட்டதற்குப் பதில் இல்லை. முகத்துக்கு நேராக வந்து கேட்டதும் ஒப்புக்கொண்டார். காது போய்க்கொண்டிருக்கிறது, நடிகர்களின் உதட்டைப் பார்த்துத்தான் பாட்டை எடுக்கிறார்.

"டைரக்டர்கிட்ட சொல்லிடாத மாப்ள. கிரஷர்ல நான் வெறும் ஆளு. இங்கதான் என்னையும் ஒருத்தனா வச்சிருக்காங்க."

நான் சொல்லவில்லை. நாடகத்தில் ஓர் இடத்தில்தான் சிக்கல். கிணறு வெட்டப் போன மகனுக்காகத் தாய் இருட்டில் காத்திருப்பாள். ஒருவர் வந்து, மகன் செத்த செய்தியைச் சொல்வார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. பிறகு ஆர்மோனியத்தில் ஒப்பாரி எழ வேண்டும். இருட்டில் உதடு தெரியாது. அதனால் மச்சானின் கால் கட்டைவிரலில் ஒரு நூலைக் கட்டி, மேடைக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுவந்து மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை இழுத்தால் ஆரம்பம், இரண்டு முறை இழுத்தால் நிறுத்தம். ஒத்திகைகளில் பிசகவே இல்லை.

அரியலூரில் ஆட்டம். விளக்கு அணைந்தது. செய்தி சொல்ல வந்தவர் தடவித் தடவி நடந்ததில் நூலை மிதித்துவிட்டார். தாய் "யாரது?" என்று கேட்டதற்கு ஒப்பாரிதான் பதிலாக வந்தது.

"சேதி வர்றதுக்கு முன்னாடியே அழுவுறாங்கப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர். மண்டபமே சிரித்தது. நான் இரண்டு முறை இழுத்தேன். நூல் அந்த ஆளின் காலடியில் சிக்கியிருந்தது. அவர் சத்தம் போட்டுச் செய்தியைச் சொல்ல, மச்சான் மனசைக் கொட்டி வாசித்துக்கொண்டிருந்தார். விளக்கு வந்ததும் சபையின் முகங்களைப் பார்த்தார். கை நின்றது.

ஆட்டம் முடிந்து டைரக்டர் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து காரணம் கேட்டார். இரண்டாம் தடவையும் மச்சான் திரும்பவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துபோனது. டைரக்டர் அவரைத் திட்டவில்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கேசட்டே போட்டுக்கொள்ளலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் அதைச் சொன்னதும், மறுவாரம் மச்சான் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். வாசித்தார், பதிவு செய்தேன். திரும்பப் போட்டபோது ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எல்லாக் கட்டையும் பேசுதா மாப்ள?"

அதே கட்டை பேசவில்லை. தொட்டுக் காட்டினேன். பெட்டியைத் திறந்து, தூளை ஊதிவிட்டு, முதலிலிருந்து வாசித்தார். இந்த முறை எல்லாம் பேசியது. தலையசைத்தேன்.

"பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் வெறும் டேப்பு ஓடட்டும். அந்த அம்மா மூச்சு வுடணும்ல" என்றார்.

ஜெயங்கொண்டத்தில் அந்தக் கேசட்டைப் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் வரவில்லை. ஆட்டம் இருக்கும் நாட்களில் கிரஷரில் கூடுதலாக ஒரு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.