ஆப்பிள் வாங்கி வந்த பாவா

என் அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிப்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் அத்தை மகன்தான். அக்காவும் நானும் அவரைப் பாவா என்றே கூப்பிடுவோம். "கண்டிகை எறங்கு!" என்று அவர் போடும் சத்தத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். ஆனால் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து மெட்ராஸில் ஆபரேஷன் ஆனதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார். பெண்பிள்ளை சமாச்சாரமாம். வயிற்றில் கட்டி என்றே திருத்தணி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நாலைந்து வருஷம் அக்கா நன்றாகவே இருந்தாள். எழுபதுகளின் கடைசியில், ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், குழாயடியில் குடத்தைத் தூக்கியவளுக்கு மேல்கை எலும்பு மளுக்கென்று ஒடிந்தது. எங்கள் ஊரில் எலும்பு ஒடிந்தால் யாரும் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குத்தான் பஸ் ஏறுவோம்.

கட்டுப் போடுகிறவர் பொறுமையாகக் கேட்டார். "குடம் தூக்கினா எலும்பு ஒடியுமா? முன்னாடி ஒடம்புக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க. வழுக்கி வுழுந்துட்டா," என்றார் பாவா.

பச்சிலையும் முட்டையும் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். கிருத்திகை விரதத்தில் இருந்த அக்கா வழியெல்லாம் சிரித்தாள். "வாயில படாத முட்டைய கையில கட்டிகினு போறேன். முருகன் கதவ சாத்திக்கப் போறாரு, பாவா."

கட்டு கெட்டியாகத்தான் இருந்தது, வலிதான் நிற்கவில்லை. முதுகிலும் வலி வந்து படுக்கவே முடியாமல் போனபிறகு மெட்ராஸுக்குக் கூட்டிப்போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் பாவாவையும் என்னையும் வெளியே அழைத்தார். மார்பிலிருந்த புற்றுநோய் ரத்தத்தோடு போய் எலும்பில் தங்கிவிட்டது, உள்ளே அரித்ததால்தான் ஒரு குடத்துக்கே ஒடிந்தது, இனி முழுசாகக் குணமாகாது என்றார். ஆனால் நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போகவில்லை. கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், வலி குறையும், ஓரிரண்டு வருஷம்கூட இருக்கலாம் என்றும் சொன்னார்.

பாவா முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஆப்பிள் வாங்கி வந்தார்.

"எலும்பு தேஞ்சிக்குதாம். கரண்ட் வெச்சா சரியாப்பூடும்."

அக்கா ஆப்பிளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பிரசவத்துக்கே சாத்துக்குடிதான் வாங்கினு வந்த. இப்ப ஆப்பிளா? பழைய நோவுதானே எலும்புக்கு வந்துக்குது?"

பாவா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அக்காவிடம் ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்ல வராத அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

கரண்ட் வைத்தபிறகு வலி அடங்கியது. குழாயடியில் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா உள்ளதைச் சொன்னாள்.

"மெல்ல சொல்லுடி," என்று பாவா நெளிவார்.

"மறைச்சு மறைச்சுதான் இம்மாம் நாளு வலியோட கெடந்தேன். நான் ஏன் மெல்ல சொல்லணும்?"

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஜீப்பில் மலையேறினாள். அதற்கடுத்த கிருத்திகைக்கு அவள் இல்லை.

சாவுக்கு அம்மையார்குப்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், "வயித்துல கட்டின்னாங்களே, அதுவா?" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் பாவா எழுந்து நின்றார்.

"வயித்துல இல்ல. மாருல வந்த புத்துநோய். எலும்புக்குப் பூட்ச்சு."

பஸ்ஸில் போடும் அதே சத்தம். தெருமுனை வரைக்கும் கேட்டது.