அண்ணனுக்காக நான் கேட்ட வரம்

எங்கள் குலசாமி வீரன் ஒரு காலத்தில் மனிதர்தான். அதிலும் எங்கள் சொந்தக்காரர். குமராட்சிப் பக்கம் கொள்ளையர்கள் ஊர் நெல்லை வாரிக்கொண்டு போனபோது, கொள்ளிடக் கரையில் ஒற்றை ஆளாய் மறித்து நின்று வெட்டுப்பட்டாராம். விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். பிறகு கல்லுக்குப் பதில் மீசை வைத்த சிலை வந்தது, குதிரை வந்தது, ஆடி மாதம் சேவலும் சுருட்டும் வந்தன. எங்கள் சொந்தத்தில் அவரளவுக்கு முன்னுக்கு வந்தவர் வேறு யாருமில்லை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது பெரியப்பா மகனுக்குப் பட்டாளத்தில் வேலை கிடைத்தது. அண்ணன் என்றால் எனக்கு உயிர். அவர் ரயிலேறுவதற்கு முதல் நாள் குடும்பத்தோடு மினி பஸ்ஸில் வீரன் கோயிலுக்குப் போனோம். ஆர்டர் கடிதத்தை வீரன் கையிலிருந்த ஈட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் பெரியப்பா சுருட்டைப் பற்றவைத்தார்.

எங்கள் வீரனிடம் பெரியவர்கள் வாய்விட்டு எதையும் கேட்கக் கூடாது. வீட்டின் கடைசிப் பெண்குழந்தைதான் கேட்க வேண்டும், கேட்டது அப்படியே பலிக்கும். கடைசிப் பெண் நான்தான். "அண்ணனப் பத்தரமா திருப்பி அனுப்புன்னு கேக்கணும், என்னா?" என்று பெரியம்மா பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவ்வளவு பெரிய சாமியிடம் இவ்வளவு சின்ன விஷயத்தையா கேட்பது? கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

"வீரா, எங்க அண்ணனையும் உன்ன மாதிரி சாமியாக்கிடு!"

பெரியம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அடுத்த நிமிடம் வழக்கத்தையெல்லாம் மறந்து சிலையின் முன்னால் விழுந்துவிட்டார்.

"ஐயா, கொழந்த தெரியாம கேட்டுடுச்சி, காதுல வாங்கிக்காத. எனக்கு அவன் சாமியா வாணாம், புள்ளயாவே வந்து சேரட்டும். உன்னப் பெத்தவ எப்பிடி அழுதிருப்பான்னு உனக்குத் தெரியாதா?"

நல்ல வரத்தைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "சாமியாயிட்டா உன்ன யாரு சைக்கிள்ல ஏத்திக்கினு போறது?" என்று அண்ணன்தான் தூக்கிச் சமாதானம் செய்தார். அந்த அண்ணன் இப்போது சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்துத் தொப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்.

அன்றைக்குப் பெரியம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் சொன்ன அந்த அம்மாவுக்காவது பூ வைத்துவிடலாம் என்று, பூசைத் தட்டில் மிச்சமிருந்த மல்லிகையை எடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தேன். குதிரை இருந்தது, நாய் இருந்தது. வீரனை வெட்டிய கொள்ளையனுக்குக்கூடக் குதிரையின் காலடியில் ஒரு சிலை இருந்தது. வீரனின் அம்மாவை மட்டும் எங்கும் காணோம்.

"அவுங்களுக்குச் சிலையே இல்ல பெரிம்மா" என்று பூவை அவர் மடியில் போட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு அவர் ஏன் அப்படி அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. நான் இன்னொரு தடவை கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன்.