வெற்றிலையில் வைத்துக் கொடுத்த மாத்திரை

அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றவர்கள்: என் மகள் செல்வி, நாத்தனார் பேச்சி, ஒச்சம்மா, பவுனு, அழகி, நான். ஆனையூர்ப் பக்கம் நடவு நடுகிறவர்கள். வேலை பேசி ஆள் கூட்டிப் போவது நான்.

நாள் முழுக்கக் குனிந்து நட்டால் இடுப்பு விட்டுப்போகும். காலையில் வெற்றிலை மடித்துக் கொடுக்கும்போது, பெட்டிக்கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் எனக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்று வைப்பேன். மத்தியானம் இன்னொன்று. பல வருசம் அப்படித்தான். மறந்தால் பவுனு விடமாட்டாள். "என்னக்கா, வெறும் வெத்தலை தானா? இம்புட்டுக் கருமியா நீ?"

போன தையில் எனக்கு முகமும் காலும் வீங்கின. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, "ரெண்டு கிட்னியும் பழுதும்மா. அந்த மாத்திரைதான். வேற யாருக்கும் குடுத்தியா?" என்று கேட்டார்.

மறுநாளே ஐந்து பேரையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தேன். செல்விக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த நேரம்.

"நீ குடுத்த, நாங்க தின்னோம். மூஞ்சிய ஏன் மதினி இப்படி வச்சிருக்க?" என்றாள் பேச்சி.

சோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, கிட்னி பழுது என்று முதலில் சொன்ன பெயர் செல்வி. அடுத்தது ஒச்சம்மா. மற்ற மூவருக்கும் பழுதில்லை. எங்கள் மூன்று பேரையும் இனி வயலில் இறங்கக் கூடாது என்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அப்புறம் வரவில்லை.

இப்போது வரப்பில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். வலி என்றால் கரையேறிப் படுக்கச் சொல்கிறேன். மாத்திரை தருவதில்லை. வெற்றிலை மட்டும் மடிக்கிறேன். முன்பு ஆறு. இப்போது மூன்று.