பின்பாரம்

சிவப்புத் தோல் போர்த்திய ஒரு சின்ன இருக்கை. முதுகு சாய்கிற இடத்தில் தோல் வெடித்து, என் கணவர் உள்ளே திணித்துத் தைத்த தேங்காய்நார் எட்டிப் பார்க்கும். அதை அவர் எங்கள் வீட்டின் பின்புறத்தில், விறகு அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்த காலை எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பனி முழுதாக விலகவில்லை. வேலைக்காரர் ஒருவர் ஒரு பக்கமும் அவர் மறு பக்கமுமாகப் பிடித்து வந்தார்கள். வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, "எடையைக் குறைச்சாத்தான் பவரு தெரியும்" என்றார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய காரில் நான் உட்கார்ந்து வந்த இருக்கை அது. மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டுக் கோழி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு அதிலேயே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்தது. கோழிக்கு இருந்த உரிமைகூட எனக்கு இல்லாமல் போயிற்று.

போன மாதம் என் மருமகன் கொட்டகலையில் என்னைப் பார்க்க வந்திருந்தபோது இந்த இருக்கை நினைவுக்கு வந்தது. அவர் புதுக் கார் வாங்கப் போகிறார். இரண்டே பேர் உட்காருகிற, ஓட்டும் சுகத்துக்காகவே செய்த வண்டியாம். பழைய வண்டியைவிட எத்தனை குதிரைவலு அதிகம் என்று சாப்பாட்டின் நடுவில் விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். "பவர் கூடினா ஓட்டுற சந்தோசமும் கூடுந்தானே அத்தை?" என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தார். மரியாதைக்குக் கேட்டதுதான். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொடாத ஒரு மனுஷி என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அந்த மேசையில் என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு ரசம் ஊற்றினேன்.

என் கணவர் அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து டீ மேக்கர். தேயிலை தயாரிக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்பு. இலை பதமாக வாடியதா என்று கையால் அள்ளி முகர்ந்து சொல்லிவிடுவார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் தொரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிய காலம் அது. எங்கள் பெரிய தொரை ஊருக்குப் போகும்போது, கொண்டுபோக முடியாத தன் பழைய இரண்டு இருக்கைக் காரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். தோட்டத்தில் தொரைமாருக்கு அடுத்தபடியாகக் கார் வைத்திருந்தவர் இவர்தான். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஒரு கன்வஸ் துணி உண்டு, அதுவும் ஒழுகும். எஞ்சின் சின்னது. மேட்டில் இவர் காலை முழுதாக அழுத்தினாலும், முன்னால் போகும் ஆள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாவகாசமாக ஒதுங்க நேரம் இருக்கும்.

ஆனால் அந்த வண்டியில் நாங்கள் அனுபவித்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போவோம். முழுக்க வளைவு. ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மலை அவர் கண்ணை மறைத்துவிடும், எனக்குத்தான் முதலில் தெரியும். "பஸ் வருதுங்க", "ஒண்ணுமில்ல, போங்க", "மாடு, மாடு" என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டுவார். என் குரலை நம்பிக் காலை எடுக்காமல் திருப்புவார். இருந்த சக்தி அத்தனையையும் முழுதாகச் செலவழித்துக்கொண்டு, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் ஏறுகிற வண்டி அது. வேகமென்று பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினோம், அவ்வளவுதான் விஷயம். நுவரெலியாவில் இறங்கும்போது எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் சேற்றில். மழைக்காலத்தில் கொழுந்து ஏற்றிய லொறி தோட்டத்து ஏற்றத்தில் ஏறாமல் பின்சக்கரம் சுற்றும்போது, கொழுந்து பறிக்கிற பெண்கள் நாலைந்து பேர் லொறியின் வாலில் ஏறி, சரியாகச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்துகொள்வார்கள். அந்தப் பாரத்தில் சக்கரம் மண்ணைக் கடிக்கும், லொறி ஏறிவிடும். இதைப் பின்பாரம் போடுவது என்பார்கள். நான் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெண் என்றாலும் சிறு வயதில் அவர்களோடு ஏறிப் பழகியவள். எங்கள் கார் முதன்முறை ஒரு ஏற்றத்தில் சுற்றி நின்றபோது, நான் கேட்காமலேயே இருக்கை மேல் ஏறிப் பின்னால் தாவி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கன்வஸ் கூரையின் இரும்புக் கம்பியைப் பிடித்து வாலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "அடியாத்தி, விழுந்துடாதே" என்று கத்தினார். வண்டி ஏறியது. அதற்குப் பிறகு சேறு எங்கே இருக்கிறதென்று தேடிப் போனோம்.

தொரைமார் கிளப்பில் மழைக்காலத்தில் ஒரு போட்டி நடக்கும். கைவிடப்பட்ட ஒரு தோட்டத்துப் பாதையில், சேற்று ஏற்றத்தில், நிற்காமல் அதிக தூரம் ஏறுகிற கார் எதுவோ அதற்குக் கோப்பை. கூடவே ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். அந்த வருடம் முதல்முறையாகத் தோட்டத்து உத்தியோகத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்களும் போனோம். பெரிய பெரிய எஞ்சின் வைத்த கார்களெல்லாம் உறுமிக்கொண்டு வந்து, இரண்டாவது வளைவில் சேற்றை வாரி இறைத்துவிட்டு நின்றன. எங்கள் வண்டி தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, வாலில் நான் எம்பி எம்பி உட்கார, எல்லோரையும் தாண்டிப் போனது. கோப்பை கிடைக்கவில்லை, வேறு ஒருவர் இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தார். ஆனாலும் ஜனங்கள் கைதட்டியது எங்களுக்குத்தான்.

அங்கேதான் புதிதாக வந்திருந்த சின்ன தொரை அந்தப் பேச்சைச் சொன்னார். கொழும்பில் படித்தவர், வேடிக்கையாகப் பேசுவார். "நம்ம டீ மேக்கர் காருக்கு ரெண்டு எஞ்சின், அதுல பெரிய எஞ்சின் சேலை கட்டியிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வீடு வரும்வரை அதையே நினைத்துப் பூரித்துக்கொண்டு வந்தேன். என் கணவரும் சிரித்தார்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். வழியில் வலப்பக்க வளைவுகளில் நான் சொன்ன எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. களைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து வால்வு வேலை என்று சொல்லி வண்டியை அட்டனில் ஒரு கராஜில் விட்டார். திரும்பி வந்தபோது வண்டியின் மூக்கு நீண்டிருந்தது. பள்ளத்தில் உருண்டு நொறுங்கிய ஏதோ ஒரு பெரிய காரின் எஞ்சினை வாங்கி அதில் பூட்டியிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வால்வுன்னு சொன்னீங்களே" என்றதற்கு, "வால்வும் இதுக்குள்ளதானே இருக்கு" என்றார். பொய்யைக்கூடக் கொஞ்சம் சிரமப்பட்டுச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த எஞ்சினோடு ஒரு தடவை நுவரெலியா போனோம். ஏரிக்கரையில் ரோடு நேராக ஓடுகிற இடத்தில் காலை அழுத்தினார். யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது போல என் முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. அலறிவிட்டேன், பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அப்படி ஒரு சுகம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ரோடு முடிந்துவிட்டது. மிச்சப் பயணம் முழுவதும் வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்து, வண்டியைத் திட்டி, அடக்கி, பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். மூக்கில் பாரம் கூடி வால் இலேசாகிவிட்டதால் ஈர ரோட்டில் பின்புறம் எங்கேயோ போகப் பார்த்தது. நான் "பஸ்" என்று சொன்னபோது அவர் ஏற்கெனவே பிரேக்கில்தான் இருந்தார். என் கண் அவருக்குத் தேவைப்படவில்லை. வீட்டில் இறங்கியதும் கை வலிக்கிறது என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை. அடுத்த வாரம்தான் எடையைக் குறைக்கிறேன் என்று இருக்கையைக் கழற்றினார்.

அப்போதும் நான் நம்பிக்கையை விடவில்லை. சேற்றுப் போட்டி வரும், அதில் பின்பாரம் இல்லாமல் இந்த வண்டி ஒரு முழம் ஏறாது என்பது எனக்குத் தெரியும். சக்தி கூடக்கூடச் சக்கரம் வெறுமனே சுற்றத்தானே செய்யும். வாலில் உட்கார இருக்கை எதற்கு? என்னைக் கூப்பிடாமல் எங்கே போவார்? போன தடவை இரும்புக் கம்பி உள்ளங்கையை அறுத்திருந்ததால், பழைய கன்வஸ் துணியை மடித்துக் கைப்பிடி ஒன்று தைத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. போட்டி நாள் காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீ கண்டாக்கையா வீட்டம்மாவோட லொறியில வந்துடு" என்றார்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஏற்றத்துக்கு மேலே மற்றப் பெண்களோடு நின்றேன். எங்கள் கார் வந்தது. முதல் வளைவிலேயே நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன், நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். அது நிற்கவில்லை. பின்சக்கரம் மண்ணை அழகாகக் கடித்துக்கொண்டு, உறுமிக்கொண்டு, எங்களைத் தாண்டி ஒருவரும் எட்டாத இடம்வரை போனது. தாண்டும்போது பார்த்தேன். வாலில் தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கி எதையோ கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மனைவி, "என்னங்க அது மூட்டையா?" என்று கேட்டார். சின்ன தொரை ஓடிப்போய்க் காரின் முகப்பைத் தட்டி, "என்ன பவர் மேன்!" என்றார். என் கணவர் துடைக்காத முகத்தோடு சிரித்து, "எல்லாம் எஞ்சின்தான் சார்" என்றார். இந்தத் தடவை சிரிப்பு தாமதமாகவில்லை.

சாயந்திரம் வீட்டு வாசலில் தார்ப்பாயை அவிழ்த்தார். உள்ளே இரண்டு சாக்கு மணல். "இந்தாம்மா, ஒரு கை பிடி" என்று கூப்பிட்டார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். சந்தோஷத்தில் இருந்தார், பேசிக்கொண்டே இருந்தார். "ரெண்டும் சேர்த்து உன் எடைதான். ஸ்டோர் தராசுல நிறுத்துத்தான் கட்டினேன். ஒரு றாத்தல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார். எனக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார். அதுதான் என்னைக் கொன்றது. ஒளித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"அப்ப நானே வந்திருக்கலாமேங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். என்னிடம் பொய் சொல்லவேண்டாம் என்று அன்றைக்குப் பார்த்து முடிவு செய்திருக்கவேண்டும். "நீ வந்தா எஞ்சினோட பவருன்னு எவன் சொல்லுவான்?" என்றார்.

நான் என் பக்கத்து முனையை விட்டுவிட்டேன். சாக்கு அவர் பாதத்தில் இறங்கியது. "வழுக்கிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒரு வாரம் நொண்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்.

அதன் பிறகும் பல வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தோம். பிள்ளை பெற்றேன், சமைத்துப் போட்டேன், கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். அந்தக் காரில் மட்டும் திரும்ப ஏறவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கோபமும் சேர்ந்து போயிருக்கவேண்டும் என்கிறார்கள். போகவில்லை. வேறொருத்தியிடம் அவரைத் தோற்றிருந்தால் அவளைத் தெருவில் நிறுத்தி நாலு வார்த்தை திட்டியிருப்பேன். மணலை என்ன சொல்லித் திட்டுவது?